அரநாயக்க மலையில் நின்றுபோன பயணம்: மர்ஹூம் அஷ்ரபின் வாழ்வும் தாழப் பறத்தலின் ஆபத்தும்

செப்டெம்பர் மாதம் பிறந்தால் நமது ஊர்களில் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் பெயர் மீண்டும் ஒலிக்கத் தொடங்கும். பள்ளிவாசல்களில் கத்முல் குர்ஆன் ஓதி துஆச் செய்வார்கள். நினைவுக் கூட்டங்கள் நடக்கும். அவர் பெயரைச் சொல்லியே மேடையில் ஒருவரையொருவர் சாடிக்கொள்வதும் நடக்கும். 17ஆம் திகதி சுவரொட்டிகள் வெயிலில் வெளுக்கத் தொடங்கும். அடுத்த செப்டெம்பர் வரை அந்தப் பேச்சு ஓய்ந்துவிடும்.

அவர் மறைந்த 2000ஆம் ஆண்டில் பிறந்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள்; பலர் திருமணமாகிக் குடும்பத்தலைவர்களாகவும் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை அஷ்ரப் என்பது கல்முனை வைத்தியசாலையின் பெயர்ப்பலகையில் உள்ள ஒரு பெயர், கட்சிப் பதாகையின் மூலையில் உள்ள ஒரு முகம். அந்த மனிதர் எங்கிருந்து வந்தார், எதைச் செய்தார், எப்படிப் போனார் என்பதை ஒரே இடத்தில் சொல்லும் எண்ணத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

அவர் போன விதத்தைப் பற்றி நாம் போதுமான அளவு சிந்திக்கவில்லை என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. யார் செய்தார்கள் என்ற கேள்வியிலேயே கால் நூற்றாண்டைக் கழித்துவிட்டோம். ஒரு ஹெலிகொப்டர் மலைநாட்டின் மேலாகத் தாழப் பறக்கும்போது என்ன நடக்கலாம் என்ற எளிய கேள்வியை நாம் கேட்டதே இல்லை.

சம்மாந்துறையில் பிறந்தவர், கல்முனையில் வளர்ந்தவர்

முஹம்மது ஹுசைன் முஹம்மது அஷ்ரப் 1948 ஒக்டோபர் 23ஆம் திகதி சம்மாந்துறையில் பிறந்தார். நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு அது. வளர்ந்ததும் படித்ததும் கல்முனையில். கல்முனை வெஸ்லி உயர்தரப் பாடசாலையில் கற்றபோது தமிழ் மாணவர்களும் முஸ்லிம் மாணவர்களும் ஒரே வாங்கில்தான் அமர்ந்திருந்தார்கள். தமிழ் மொழியின் மீது அவருக்கிருந்த பற்றுக்கும் பிற்காலத்தில் எழுதிய கவிதைகளுக்கும் வேர் அங்கேதான் இருக்க வேண்டும்.

பின்னர் கொழும்பு சட்டக் கல்லூரியில் படித்துச் சட்டத்தரணியானார். சட்டமா அதிபர் திணைக்களத்தில் சிறிது காலம் அரச சட்டத்தரணியாக இருந்துவிட்டு, ஊர் திரும்பி நீதிமன்றங்களில் வாதாடினார். வயல் வழக்கு, காணி வழக்கு, பொலிஸ் பிடித்துப்போன பிள்ளையின் வழக்கு என்று சாதாரண மக்களின் துயரங்கள் தினமும் அவரது வாசலுக்கு வந்தன. அமைச்சரான பிறகும் படிப்பை விடாமல் சட்டத்தில் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1997இல் ஜனாதிபதி சட்டத்தரணியாகவும் நியமிக்கப்பட்டார்.

நம்பிக்கையும் ஏமாற்றமும்

இன்றைய இளைஞர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. அஷ்ரபின் அரசியல் தமிழ்த் தலைவர்களுடன் கைகோர்த்துத்தான் தொடங்கியது. 1970களின் நடுப்பகுதியில் முஸ்லிம் ஐக்கிய விடுதலை முன்னணி உருவானபோது அதன் முக்கிய குரல்களில் ஒருவராக அவர் இருந்தார். 1977 பொதுத் தேர்தலில் அந்த முன்னணி தமிழர் விடுதலைக் கூட்டணியுடன் இணைந்து நின்றது. தமிழ் பேசும் மக்கள் என்ற குடையின் கீழ் முஸ்லிம்களுக்கும் இடமுண்டு என அவர் அன்று மனதார நம்பினார்.

தேர்தலில் முஸ்லிம் மக்கள் அந்த நம்பிக்கையை ஏற்கவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் அவரும் அதிலிருந்து மெல்ல விலகினார். முஸ்லிம்களின் பிரச்சினையைப் பேச முஸ்லிம்களுக்கென்றே ஒரு கட்சி வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தது கோபத்தில் அல்ல, பட்ட அனுபவத்தால். 1981 செப்டெம்பரில் காத்தான்குடியில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் ஆரம்பிக்கப்பட்டது. அப்போது அது ஒரு கிழக்கு மாகாண இயக்கம் மட்டுமே.

1985இல் கிழக்கில் தமிழ், முஸ்லிம் மக்களிடையே கலவரம் மூண்டது. வயலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. 1987இல் இந்திய–இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானபோது வடக்கும் கிழக்கும் இணைக்கப்பட்டன. கிழக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்த முஸ்லிம்கள் இணைந்த மாகாணத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகச் சுருங்கிப்போனார்கள். அந்த ஒப்பந்தத்தை எழுதிய மேசையில் முஸ்லிம்களுக்கு நாற்காலி போடப்படவில்லை. இதைத்தான் அஷ்ரப் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். 1988இல் முஸ்லிம் காங்கிரஸ் பதிவு செய்யப்பட்ட அரசியல் கட்சியானது. மரம் அதன் சின்னம்.

அதே ஆண்டு நவம்பரில் நடந்த வடக்கு–கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் கட்சி 17 ஆசனங்களை வென்றது. துப்பாக்கிகள் மட்டுமே பேசிய காலத்தில் வாக்குச் சீட்டை நம்பி நின்ற கட்சிக்கு அது சிறிய வெற்றியல்ல.

12.5 வீதத்திலிருந்து 5 வீதத்துக்கு

அஷ்ரபின் பெயரை நாட்டின் அரசியலமைப்போடு சேர்த்துச் சொல்ல வைக்கும் காரியம் 1988 டிசம்பரில் நடந்தது. விகிதாசாரத் தேர்தல் முறையில் ஒரு மாவட்டத்தில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 12.5 வீத வாக்கைப் பெறாத கட்சிக்கு ஆசனமே கிடையாது என்று வெட்டுப்புள்ளி வைக்கப்பட்டிருந்தது. ஒரு மாவட்டத்தில் 10 வீத வாக்கைத் திரட்டிய சிறிய கட்சியின் வாக்குகள் அப்படியே பயனற்றுப் போகும்.

ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியிருந்தது. ஆர். பிரேமதாச வேட்பாளர். முஸ்லிம் காங்கிரஸின் ஆதரவு அவருக்குத் தேவைப்பட்டது. அஷ்ரப் தனக்குப் பதவி கேட்கவில்லை; வெட்டுப்புள்ளியைக் குறைக்கும்படி கேட்டார். தேர்தலுக்கு முன்னரே அது நடக்க வேண்டும் என்பதிலும் உறுதியாக நின்றார். தேர்தலுக்கு இரண்டு நாட்கள் முன்னதாக அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் சட்டமானது. வெட்டுப்புள்ளி 5 வீதமாகக் குறைந்தது.

இதன் பயனை முஸ்லிம்கள் மட்டும் அனுபவிக்கவில்லை. மலையகக் கட்சிகள், தமிழ்க் கட்சிகள், தெற்கின் சிறிய கட்சிகள் எல்லாமே அதன் நிழலில் நின்றுதான் பாராளுமன்றம் போயின. வெட்டுப்புள்ளியை மீண்டும் உயர்த்தும் யோசனைகள் பின்னாளில் எழுந்தபோது அவை அனைத்தும் சேர்ந்து எதிர்த்ததன் காரணமும் அதுவே. ஒரு பேரத்தில் சமூகத்துக்குக் கேட்டதை நாட்டுக்கே கிடைக்கச் செய்த தலைவர்கள் நம்மிடம் அதிகம் இல்லை.

1989 பெப்ரவரி பொதுத் தேர்தலில் திகாமடுல்ல மாவட்டத்தில் வென்று அஷ்ரப் பாராளுமன்றம் சென்றார். அடுத்த ஆண்டு முஸ்லிம் சமூகம் சந்தித்தவை மறக்க முடியாதவை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்டார்கள். அந்தக் காலத்தில் ஆயுதத்துக்கு ஆயுதம் என்று இளைஞர்கள் கொதித்தபோது, அவர்களைத் தேர்தல் அரசியலுக்குள் பிடித்து வைத்திருந்தது அஷ்ரபின் சாதனைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று.

113 என்ற எண்

1994 ஓகஸ்ட் தேர்தலில் சந்திரிகா பண்டாரநாயக்க குமாரதுங்கவின் பொதுஜன ஐக்கிய முன்னணி 105 ஆசனங்களைப் பெற்றது. பெரும்பான்மைக்கு 113 தேவை. முஸ்லிம் காங்கிரஸிடம் 7 ஆசனங்கள் இருந்தன. அவற்றோடு மலையகத்திலிருந்து கிடைத்த ஓர் ஆசனமும் சேர்ந்து சரியாக 113 ஆனது. பதினேழு ஆண்டு கால ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சி முடிந்தது.

அஷ்ரபுக்குக் கப்பல், துறைமுகங்கள், புனர்வாழ்வு, புனரமைப்பு அமைச்சு கிடைத்தது. துறைமுகம் அவருக்கு வெறும் கடலும் கப்பலும் அல்ல. தொழில் இல்லாத கிழக்கு இளைஞர்களின் முகங்களைத்தான் அங்கே அவர் கண்டார். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை கிடைத்தது. ஆள் சேர்ப்பில் பக்கச்சார்பு என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.

ஒலுவிலில் ஒரு துறைமுகம் என்பது அவரது கனவு. அது அவரது காலத்தில் முடியவில்லை. அவர் மறைந்து எட்டு ஆண்டுகளுக்குப் பின் கட்டுமானம் தொடங்கி, 2013இல் திறக்கப்பட்டது. பின்னர் துறைமுக வாயிலில் மணல் திரண்டதும், அயல் கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புகளைக் கொண்டுபோனதும் அம்பாறை மக்களுக்குத் தெரிந்த துயரம்.

துறைமுகம் தடுமாறினாலும் பல்கலைக்கழகம் நிலைத்தது. போர்ச்சூழலில் கிழக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து இடம்பெயர்ந்த முஸ்லிம் மாணவர்கள் படிப்பைத் தொடர வழியின்றி நின்றார்கள். அவர்களின் நிலையைக் காரணமாக வைத்து 1995 ஒக்டோபர் 23ஆம் திகதி தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. ஏழு மாதங்களில், 1996 மே மாதத்தில், அது முழுமையான பல்கலைக்கழகமாகியது. இன்று அங்கே சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்து படிக்கிறார்கள். மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற மகளின் படம் சுவரில் தொங்கினால், அதற்குப் பின்னால் அஷ்ரபின் கையொப்பம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

கவிஞரும் விவாதியும்

அரசியல்வாதிகளில் அவர் ஒரு விசித்திரமான மனிதர். அமைச்சரின் மேசையில் கோப்புகளுக்கு நடுவே கவிதைத் தாள்களும் இருக்கும். 1999இல் அவரது கவிதைகள் ‘நான் எனும் நீ’ என்ற பெரும் தொகுப்பாக வெளிவந்தன. அதே காலப்பகுதியில் தீகவாபி விவகாரம் சூடுபிடித்தபோது, கங்கொடவில சோம தேரருடன் தொலைக்காட்சியில் சிங்கள மொழியிலேயே நேருக்கு நேர் விவாதித்தார். பதிலை அறிக்கையாக அனுப்பிவிட்டு ஒதுங்கும் வழக்கம் அவரிடம் இருக்கவில்லை. சிங்கள மக்களின் வீட்டு வரவேற்பறைக்குள்ளேயே போய்ப் பேசினார்.

கட்சிக்குள் அவர் சொன்னதே முடிவு என்ற நிலை இருந்தது. அவரோடு முரண்பட்டு விலகியவர்கள் பலர். எல்லாம் தன் தோளிலேயே இருக்க வேண்டும் என்ற அந்தப் பழக்கத்தின் விலையைச் சமூகம் அவருக்குப் பிறகுதான் உணர்ந்தது.

கடைசி ஆண்டுகளில் அவரது பார்வை முஸ்லிம் அரசியலையும் தாண்டியது. தேசிய ஐக்கிய முன்னணி என்ற ‘நுஆ’வை உருவாக்கினார். 2012ஆம் ஆண்டளவில் இனங்கள் சமாதானமாக வாழும் ஓர் ஐக்கிய இலங்கை என்பது அதன் இலக்கு. முஸ்லிம்களுக்கெனக் கட்சி அமைத்தவரே எல்லோருக்குமான கட்சியைத் தேடிப் போனார். அந்தத் தேடல் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும் என்பதைப் பார்க்க நமக்கு வாய்க்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை

2000 செப்டெம்பர் 16, சனிக்கிழமை. பொதுத் தேர்தலுக்கு மூன்று வாரங்களுக்குச் சற்று அதிகமாகவே இருந்தது. வாக்களிப்பு ஒக்டோபர் 10. நாடெங்கும் பிரசாரம் சூடாக இருந்தது. அஷ்ரப் கொழும்பிலிருந்து அம்பாறை நோக்கி விமானப்படையின் எம்.ஐ. 17 ரக ஹெலிகொப்டரில் புறப்பட்டார். உதவியாளர்களும் பாதுகாவலர்களும் விமானப்படையினரும் கூட இருந்தார்கள்.

அந்த ஹெலிகொப்டர் அம்பாறையை அடையவில்லை. கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கப் பகுதியில் ஊரகந்த மலையில் விழுந்து எரிந்தது. எவரும் உயிர் தப்பவில்லை. இன்னும் ஐந்து வாரங்கள் இருந்திருந்தால் அவருக்கு 52 வயது நிறைந்திருக்கும்.

செய்தி வானொலியில் வந்தபோது எங்கள் ஊரில் கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டது நினைவிருக்கிறது. யாரும் சொல்லிப் பூட்டவில்லை. பெண்கள் வாசலில் நின்று அழுதார்கள். ஜனாஸா கொழும்பில் நல்லடக்கம் செய்யப்பட்டது.

பின்னர் ஜனாதிபதி சந்திரிகா, நீதியரசர் எல்.கே.ஜி. வீரசேகரவைக் கொண்ட தனிநபர் விசாரணை ஆணைக்குழுவை நியமித்தார். அதன் அறிக்கையைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என்ற கோரிக்கை ஆண்டுதோறும் எழுந்தது. அந்தக் கோரிக்கை நியாயமானது. ஒரு சமூகம் தன் தலைவரின் இறுதி நிமிடங்களை அறியும் உரிமை உடையது. ஆனால் அறிக்கை கையில் இல்லாத இடத்தில் வதந்தி குடிகொண்டது. அந்த வதந்திகளை நான் இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. ஆதாரமின்றி ஒருவர் மீது பழி சுமத்துவது நம் மார்க்கத்தில் சிறிய பாவமல்ல.

அதைவிட, அந்தப் பயணப்பாதையைப் பற்றி எவரும் மறுக்க முடியாத சில உண்மைகள் இருக்கின்றன. அவற்றைப் பேசலாம்.

தாழப் பறத்தல் ஏன் ஆபத்து?

கொழும்பிலிருந்து கிழக்கே பறப்பவர் முதலில் சப்ரகமுவவின் மலைகளைச் சந்திக்கிறார். செப்டெம்பர் என்பது தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் ஓயாத மாதம். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குச் சரிவுகளில் ஏறிக் குளிர்ந்து முகிலாகிறது. வெளியே வெயில் அடிக்கும்போதே மலைத்தலை முகிலுக்குள் இருக்கும். அரநாயக்கவில் மழையின் கடுமையை 2016 மே மாதம் நாடு பார்த்தது. சாமசர மலை சரிந்து குடும்பங்கள் முழுதாகப் புதையுண்டன.

விமானத்தில் போகிறவர்கள் உயரம் கூடினால் ஆபத்துக் கூடும் என்று நினைப்பார்கள். விமானிக்கு நேர்மாறு. உயரம் என்பது அவரது சேமிப்புப் பணம். ஏதேனும் பழுதானால் யோசிக்கவும் சரிசெய்யவும் இடம் தேடவும் நேரம் தருவது உயரம்தான். தாழப் பறப்பவர் அந்தச் சேமிப்பு இல்லாமல் பயணம் போகிறார்.

ஹெலிகொப்டரின் இயந்திரம் நின்றால் அது கல்லைப்போல விழும் என்பது தவறான எண்ணம். விமானி உடனடியாகச் சுழல்தகடுகளின் சாய்வைக் குறைத்தால், கீழிருந்து மேலே பாயும் காற்றே அவற்றைச் சுழல வைக்கும். தென்னங்குருத்துக் காற்றாடி காற்றில் சுற்றுவதைப் போல. அந்தச் சுழற்சியைச் சேமித்து வைத்து, நிலத்துக்குச் சற்று மேலே சாய்வைக் கூட்டி மெதுவாக இறங்கலாம். ஆனால் அதற்குப் போதிய உயரமோ போதிய வேகமோ வேண்டும். இரண்டும் குறைவாக இருக்கும் நிலையில் இயந்திரம் நின்றால் தப்புவது கடினம். ஒவ்வொரு ஹெலிகொப்டரின் கையேட்டிலும் அந்த அபாய எல்லை வரைபடமாகவே தரப்பட்டிருக்கும்.

இரண்டாவது ஆபத்து கம்பிகள். பள்ளத்தாக்கின் ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு இழுக்கப்பட்ட மின்கம்பி மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. தூண் தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

மூன்றாவது காற்று. மலை முகட்டைக் கடக்கும் காற்று மறுபக்கத்தில் அருவிபோல் கீழே இறங்கும். அதற்குள் அகப்படும் ஹெலிகொப்டர் முழுச் சக்தியைக் கொடுத்தும் ஏற முடியாமல் இறங்கிக்கொண்டிருக்கலாம். மெதுவாகவும் செங்குத்தாகவும் இறங்கும்போது தன் சுழல்தகடு தள்ளிவிட்ட காற்றுக்குள் தானே சிக்கும் நிலையும் உண்டு. அப்போது சக்தியைக் கூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். முன்னோக்கியோ பக்கவாட்டிலோ நகர்ந்து வெளியேற வேண்டும். அதற்கும் உயரம் வேண்டும்.

நான்காவது, எல்லாவற்றிலும் கொடியது, முகில். கண்ணால் நிலத்தைப் பார்த்து ஓட்டும் விமானி திடீரென முகிலுக்குள் நுழைந்தால் மேல் எது, கீழ் எது என்ற உணர்வை இழந்துவிடுகிறார். நம் உள்காதில் உள்ள திரவம்தான் சமநிலையைச் சொல்கிறது. மெதுவான, நீண்ட திருப்பத்தில் அது பழகிப்போய், சாய்ந்து பறக்கும்போதும் நேராகப் பறக்கிறோம் என்று பொய் சொல்லும். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கப் பயிலாத விமானிகளைக் கொண்டு 1950களில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகம் சோதனை செய்தது. முகிலுக்குள் நுழைந்த நிலையில் அவர்கள் கட்டுப்பாட்டை இழக்கச் சராசரியாக எடுத்த நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. அது சாதாரண விமானத்தில் நடந்த சோதனை. ஹெலிகொப்டர் இயல்பிலேயே அதைவிடச் சமநிலை குறைந்தது.

பெரும்பாலும் நடப்பது இதுதான். முன்னே முகில் தாழ்வாக இருக்கிறது. விமானி அதற்குக் கீழே இறங்கிப் பறக்கிறார். நிலம் மேலே ஏறிக்கொண்டே வருகிறது. முகிலுக்கும் மலைக்கும் இடைப்பட்ட வாசல் மெல்ல மெல்ல அடைபடுகிறது. பள்ளத்தாக்கு ஒடுங்கி, திரும்ப இடமில்லாமல் போகிறது.

நாம் அறிந்த பெயர்கள்

இந்த வாசல் எத்தனை பெரிய மனிதர்களை விழுங்கியிருக்கிறது என்று பாருங்கள். 2009 செப்டெம்பர் 2ஆம் திகதி ஆந்திர முதலமைச்சர் வை.எஸ். ராஜசேகர ரெட்டி மோசமான வானிலையில் நல்லமலைக் காட்டில் இறந்தார். 2020 ஜனவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் மகளுடனும் மற்றவர்களுடனும் கலிபோர்னியாவின் மலைச்சரிவில் இறந்தார். விமானி முகிலுக்குள் போய்த் திசையுணர்வை இழந்தார் என்பது விசாரணை முடிவு. முக்கியமான பயணியை எப்படியும் கொண்டுசேர்க்க வேண்டும் என்று விமானி தன் மீது தானே சுமத்திக்கொண்ட அழுத்தத்தையும் விசாரணையாளர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

2021 டிசம்பர் 8ஆம் திகதி இந்திய முப்படைத் தளபதி பிபின் ராவத் நீலகிரியில் குன்னூர் அருகே இறந்தார். அது எம்.ஐ. 17 குடும்பத்தைச் சேர்ந்த ஹெலிகொப்டர். பள்ளத்தாக்கில் எதிர்பாராமல் வானிலை மாறி முகிலுக்குள் நுழைந்ததால் விமானி திசையுணர்வை இழந்தார், நல்ல நிலையில் இருந்த ஹெலிகொப்டர் மலையில் மோதியது என்று விசாரணை சொன்னது. 2024 மே 19ஆம் திகதி ஈரானிய ஜனாதிபதி இப்ராஹிம் ரயீசி அடர்ந்த பனிமூட்டம் சூழ்ந்த மலைப்பகுதியில் இறந்தார். ஈரானிய ஆயுதப்படையின் இறுதி அறிக்கையும் வானிலையையே காரணம் காட்டியது.

இந்தப் பட்டியலைச் சொல்வது ஊரகந்தவில் நடந்ததும் இதுவே என்று தீர்ப்பளிப்பதற்கல்ல. மலைநாட்டின் மேல் தலைவர்களை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு பயணத்துக்கும் இந்த ஆபத்துப் பொது என்பதைச் சொல்வதற்கே.

ஒட்டகத்தைக் கட்டுதல்

மரணம் அல்லாஹ் விதித்த நேரத்தில் வரும் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது நபிவழி. ஹெலிகொப்டரில் ஒட்டகத்தைக் கட்டுவது எப்படி?

முதலாவது, புறப்படுவதா இல்லையா என்ற முடிவு விமானிக்கு மட்டுமே உரியது. அமைச்சரின் கடிகாரத்துக்கோ, மேடையில் காத்திருக்கும் கூட்டத்துக்கோ அதில் பங்கில்லை. தேர்தல் காலத்தில் ஒரே நாளில் நான்கு கூட்டங்கள் என்று நிகழ்ச்சி நிரல் போடும் அமைப்பாளர்கள், அதனால் விமானியின் தோளில் ஏறும் பாரத்தை உணர வேண்டும். இரண்டாவது, ஹெலிகொப்டருக்கு அல்லாஹ் தந்த வசதி அது எங்கும் இறங்கும் என்பது. வானம் மூடினால் ஒரு பாடசாலை மைதானத்தில் இறங்கிக் காத்திருக்கலாம். அப்படி இறங்கிய விமானியை நாம் பாராட்ட வேண்டும். தாமதத்துக்காகக் கடிந்துகொள்ளக் கூடாது. மூன்றாவது, ஒரு கூட்டத்துக்குத் தலைவர் வரவில்லை என்றால் அவரைத் திட்டாமல் வீடு திரும்பப் பொதுமக்களாகிய நாமும் பழக வேண்டும்.

இன்னொரு ஒட்டகமும் கட்டப்படாமல் நின்றது. அது கட்சி. ஒரு ஹெலிகொப்டர் விழுந்ததோடு ஒரு சமூகத்தின் அரசியலே சிதறியது என்றால், அந்தச் சமூகம் தன் சுமை முழுவதையும் ஒரே மனிதர் மீது ஏற்றியிருந்தது என்று பொருள். அவருக்குப் பின் அவரது துணைவியார் பேரியல் அஷ்ரப் பாராளுமன்றம் சென்று அமைச்சரானார். ரவூப் ஹக்கீம் முஸ்லிம் காங்கிரஸின் தலைமையை ஏற்றார். பின்னர் கட்சி ஒன்று பலவானது. மரத்தின் கிளைகளை ஆளுக்கொன்றாக வெட்டிக்கொண்டு போனவர்கள் அனைவரும் அஷ்ரபின் படத்தையும் கொண்டுபோனார்கள்.

அவர் கட்டிய மூன்று விடயங்கள் மட்டும் தனி மனிதரை நம்பி நிற்கவில்லை: 5 வீத வெட்டுப்புள்ளி, ஒலுவிலின் பல்கலைக்கழகம், நமக்கென ஒரு குரல் வேண்டும் என்ற உணர்வு. முதலாவது சட்டத்தில் எழுதப்பட்டது. இரண்டாவது நிறுவனமாகியது. மூன்றாவது மக்களின் மனதில் ஊன்றியது. அதனால்தான் அவை இன்னும் இருக்கின்றன.

அடுத்த செப்டெம்பரில் அவருக்காகக் கையேந்தும்போது அன்று அவரோடு பயணித்து உயிரிழந்த மற்றவர்களையும் நினைவில் கொள்வோம். அவர்களின் பெயர்கள் எந்தச் சுவரொட்டியிலும் வருவதில்லை. அவர்களுக்கும் வீடும் பிள்ளைகளும் இருந்தன. நம் தலைவருக்கும் அவருடன் மரணித்த நம் சகோதரர்களுக்கும் அல்லாஹ் ஜன்னத்துல் பிர்தவ்ஸை வழங்குவானாக. அன்று உறவுகளை இழந்த எல்லாக் குடும்பங்களுக்கும், இன, மத வேறுபாடின்றி, பொறுமையையும் ஆறுதலையும் அருள்வானாக. ஆமீன்.